கனவில் கொடுத்த நார்

மத்தியானத் தூக்கம் கலைந்த குட்டி அணில் ஓவென்று அழுதது. "என் கொய்யாப்பழத்தை நீ ஏன் தின்னே? திருப்பிக் கொடு!"

"நான் எங்கேடா தின்னேன்? நீ கனவு கண்டிருக்கே" என்றது அம்மா அணில்.

"அந்தக் கனவுல நீயும்தானே இருந்தே? இப்போ ஒண்ணும் தெரியாத மாதிரி பேசுறியே!"

மல்லுக்கட்ட முடியாமல், "சரி, அடுத்த கனவுல தர்றேன்" என்றது அம்மா. குட்டி சமாதானமாகிவிட்டது. அம்மாவுக்குத் தன் சாமர்த்தியத்தில் ஒரே பெருமை.

மறுநாள் சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "கூட்டு ஓட்டையை அடைக்கத் தேங்காய் நார் பொறுக்கிட்டு வரச் சொன்னேனே, எங்கடா?"

குட்டி சோம்பல் முறித்தது. "மத்தியானக் கனவுலயே கொண்டு வந்துட்டேனேம்மா. கொய்யாவைத் திருப்பிக் கொடுத்துட்டு நீதானே நாரை வாங்கிக்கிட்டே? எங்கே வச்சே?"

அம்மா அணில் தன்னையறியாமல் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தது.