ஒரு வார விருந்தாளி

"என் பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

டீனா தன் அக்கா மௌரீனின் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாள். மௌரீன் அயர்லாந்திலிருந்து கொண்டுவந்திருந்த ஆப்பிள் கூழ் பாட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு, ராகிக் கஞ்சிக் கிண்ணத்தை இழுத்தாள். மடியில் இருந்த ரயான் உடனே வாயைத் திறந்தான்.

"பாத்தியா? இவனுக்கு இதான் எறங்கும்."

மௌரீன் மறுபடி ஸ்பூனுக்குக் கை நீட்டினாள். வெளிநாட்டில் நர்ஸ் வேலை, சொந்த வீடு, கார் என்று இருப்பவள், ஒரு வார லீவில் ஈஜிபுரா சந்திலிருந்த இந்தப் பொந்து வீட்டுக்கு வந்து ஒரு ஸ்பூனுக்காகத் தங்கையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

டீனாவுக்கு வயிறு எரிந்தது. வந்த நாளிலிருந்து அக்கா குழந்தையை விட்டு நகரவில்லை. குளிப்பாட்டுகிறேன் என்றாள், தூங்கவைக்கிறேன் என்றாள். முந்தாநாள் அவள் காட்டிய ஏதோ கோமாளித்தனத்துக்கு ரயான் கெக்கெக்கென்று சிரித்துவிட, அடுப்பில் பொங்கிய பாலைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள் டீனா. பால் போனால் வேறு பாக்கெட் வாங்கலாம்.

குளிருக்குப் போட என்று மௌரீன் ஒரு சட்டை வேறு வாங்கி வந்திருந்தாள். நல்ல நீல நிறம், தொட்டால் பஞ்சு. ஆனால் ரயானின் முழங்கையைத் தாண்டி ஏறவில்லை.

"இது கைக்கொழந்த சைஸுக்கா. இவன் ஓடுற பிள்ள. அளவுகூடத் தெரியல ஒனக்கு."

"என் கண்ணுக்குள்ள அவன் அவ்ளோதான் இருந்தான்" என்றாள் மௌரீன், சட்டையை மடித்துக்கொண்டே.

டீனா இளகவில்லை. பொறாமைக்குக் காது கிடையாது.

சாயங்காலம் மௌரீன் தயங்கித் தயங்கிச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"உன் பழைய நைட்டி ஒண்ணு குடேன் டீனா. அத மூஞ்சில வெச்சுக்கிட்டுத்தான தூங்குறான்? பிளேன்ல ஒதவும்."

"எல்லாத்தையும் ஊற வெச்சுட்டேன்" என்றாள் டீனா.

பொய். அக்கா ஹாலுக்குத் திரும்பிய கையோடு கொடியிலிருந்த நைட்டிகளை எல்லாம் உருவி, தேவையே இல்லாமல் சோப்புத் தண்ணீர் பக்கெட்டில் அமுக்கினாள். பொய்யை மெய்யாக்கிவிட்டதில் அவளுக்கு ஒரு திருப்தி.

புருஷன் லாயிட் வேலை முடிந்து வந்ததும் அவனைத் தனியாக மடக்கினாள்.

"அவன நான் அனுப்ப மாட்டேன்."

"ஏற்கெனவே பேசி முடிச்சதுதானே டீனா? நீயும் சரின்னுதான சொன்ன?"

"அப்போ அவனுக்குக் குப்புற விழக்கூடத் தெரியாது. இப்போ நான் பாத்ரூம் போனாகூட 'ம்மா, ம்மா'ன்னு கதவத் தட்டுறான். எப்டிக் குடுப்பேன்?"

"அங்க போனா நல்லா இருப்பான். உங்கக்காவும் எவ்ளோ ஆசையா வந்திருக்காங்க."

"அவளுக்கு என்ன கொறச்சல்? வேல இருக்கு, வீடு இருக்கு, காரு இருக்கு. எனக்கு இவன் ஒருத்தன்தான். இவனும் வேணுமா அவளுக்கு?"

லாயிட் சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தான். பெண்டாட்டியின் கண்ணீருக்கு எதிரே நியாயம் பேசி ஜெயித்த புருஷன் எவன்?

மறுநாள் காலை ஏர்போர்ட் கேப் சந்து முனையில் வந்து நின்றது. லாயிட் பைகளை ஏற்றினான். மௌரீன் சிரித்த முகத்தோடு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

ரயான் போகவில்லை. டீனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "ம்மா! ம்மா!" என்று வீறிட்டான். மௌரீன் இடுப்பில் கைவைத்துத் தூக்கப் பார்த்தபோது, காலை உதறி அவள் நெஞ்சிலேயே ஓர் உதை விட்டான். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் முளைத்தன.

டீனா அவனைச் சமாதானப்படுத்தவில்லை, முதுகைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை. அழட்டும், நல்லா அழட்டும் என்றுதான் நினைத்தாள்.

"மேடம், ஸ்வல்ப பேகா! கொஞ்சம் சீக்கிரம்! சில்க் போர்டு சைடு டிராஃபிக் ஜாஸ்தி ஆயிடும்" என்று டிரைவர் அவசரப்படுத்தினார்.

மௌரீன் கைகளைத் தாழ்த்திக்கொண்டாள்.

"விடு டீனா. பயப்படுறான். அவன் இங்கயே இருக்கட்டும். நான் மட்டும் போறேன்."

ஜெயித்துவிட்டாள்! ஒரு வாரமாக மாதாவிடம் அழுது கேட்டது கிடைத்தேவிட்டது. டீனாவுக்குச் சிரிப்புகூட வந்தது, அக்காவின் முகத்தைப் பார்க்கும்வரை.

மௌரீன் இன்னும் காரில் ஏறவில்லை. தங்கையின் கழுத்தைச் சுற்றியிருந்த அந்தச் சின்னக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை டீனாவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாகத் தன் வயிற்றில் எரிந்த அதே தீதான் அக்காவின் கண்களில் எரிந்தது. அந்த ஒரு வாரத்தையே டீனாவால் தாங்க முடிந்திருக்கவில்லை.

கழுத்தைப் பிடித்திருந்த கைகளை டீனா மெல்லப் பிரித்தாள். வீறிட்டு அழுத பிள்ளையை அக்காவின் தோளில் சாய்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் காதருகே குனிந்தாள்.

"இவங்கதான்டா கண்ணு உன் அம்மா. நான் சித்தி."