தலை ஆடிய படம்

மூளைக்குள் இருக்கும் இணைப்புகளைப் படம் பிடிக்கும் ஸ்கேன் மெஷின் பதறிப்போனது.

"ஐயோ, இந்த மகிழினிப் பிள்ளைக்குத் தூரத் தூர இடங்களைச் சேர்க்கிற இணைப்பெல்லாம் அறுந்து கிடக்கே! ஆட்டிசம்னு சொன்னாங்களே, அதான் போல."

உள்ளே கிடந்த தலையணைக்குக் கோபம் வந்தது. "நீ போட்ட கூச்சல்ல அவ தலை என் மேல ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஆடினா படம் அப்படித்தான் விழும்."

மறுநாள் படுக்க வைக்கும் முன்பே, மெஷின் தன் டக்டக் சத்தத்தை மகிழினிக்கு மெதுவாகக் கேட்கவிட்டது. அவளுக்கு அது பிடித்துப்போனது. அந்தத் தாளத்தை மனதுக்குள் போட்டபடி அசையாமல் படுத்திருந்தாள்.

படத்தில் இணைப்புக் கோடுகள் தெளிவாக விழுந்தன. சில மட்டும் மற்ற பிள்ளைகளுக்குப் போவதுபோல் போகாமல் வேறு வழியாகச் சுற்றிப் போயின.

"அப்பாடா! இன்னைக்கு எதுவும் அறுந்து கிடக்கல" என்றது மெஷின்.

"நேத்தும்தான் அறுந்து கிடக்கல" என்றது தலையணை.