கொலுசு

பெயர் வைத்த அன்று தாய்மாமன் கதிரேசன் குழந்தையின் கால்களில் கொலுசு பூட்டினான். மறுநாளிலிருந்தே அவள் மல்லாந்து கிடந்தபடி கால்களை மாற்றி மாற்றி மிதிக்க, வீடெல்லாம் மணிச்சத்தம். "என் மருமக சைக்கிள் ஓட்டுறா பாருங்க" என்று செல்போனில் படம்பிடித்துச் சொந்தபந்தம் அத்தனைக்கும் அனுப்பினான். அவன் அக்கா சுகந்தி, பெற்றவள், அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்திலும் மணி ஒலித்தது. டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பாதத்தை உள்ளங்கையால் பொத்தினார். பொத்திய கைக்குள்ளும் மணி நிற்கவில்லை. "சும்மா உதைக்கிறதுன்னா பிடிச்சதும் நின்னுடும்மா. இது வலிப்பு." மருந்து ஏற ஏறக் கொலுசு ஊமையானது. வீட்டுக்கு வந்ததும் கதிரேசன் அதைக் கழற்றப் போனான். "இருக்கட்டும்டா, எனக்குக் கேக்கணும்" என்றாள் சுகந்தி. குழந்தை போட்டது போட்டபடி கிடந்தாள். வெகுநாள் கழித்து ஒரு மத்தியானம் மணி கேட்டது. சுகந்தி பாய்ந்து வந்து பாதத்தைப் பொத்தினாள். உடனே நின்றது. "நின்னுடுச்சுக்கா! விளையாடுறா, விடு" என்றான் கதிரேசன். சின்ன விரல்கள் உள்ளங்கையை முட்டிப் பார்த்தன. சுகந்தி கையை எடுக்கவில்லை.