இருட்டைச் சுற்றி ஒரு வட்டம்

“கொஞ்சம் கொஞ்சமா மங்கினா அது வெறும் தூசி. பட்டுனு அணைஞ்சாத்தான் அது ஒத்தை மூலக்கூறு.”

ஆராய்ச்சி மாணவி ரெஜினா யாரிடமோ சொன்ன இந்தப் பேச்சு, நுண்ணோக்கியின் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்த தூசியின் காதில் விழுந்தது. அதன் பக்கத்தில், புதுவகைப் பிளாஸ்டிக் படலத்துக்குள் ஒரு சாய மூலக்கூறு இருந்தது. லேசர் ஒளி பட்டால் இரண்டுமே மின்னும். ஆனால் மூலக்கூறால் இத்தனை தடவைதான் மின்ன முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

“கேட்டியா தங்கச்சி? அவ உன்னை நம்பணும்னா நீ சாகணுமாம். மின்னும்போது நடுநடுவுல கொஞ்ச நேரம் இருண்டு போவியே, லேசர் வந்தா அப்படியே கிட. தேடிட்டுப் போயிடுவா,” என்றது தூசி.

“போயிட்டா?”

“பிழைச்சுக்குவே. என்னைப் பாரு, எத்தனை நாளா இருக்கேன்.”

“உன்னை யாராவது தேடினாங்களாக்கா?”

தூசி தகட்டோடு இன்னும் இறுக ஒட்டிக்கொண்டது.

“லட்சம் பேரோட கலந்து கிடந்தப்ப எங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே வெளிச்சம்னு எழுதிட்டுப் போனாங்க. என்னை மட்டும் பார்க்க ஒருத்தி வந்திருக்கிறது இன்னிக்குத்தான்,” என்றது மூலக்கூறு.

லேசர் வந்தது. தூசி தன்னால் ஆனமட்டும் மின்னி ரெஜினாவின் கண்ணைத் தன் பக்கம் இழுத்துவைத்தது. ஆனால் சிறிது நேரத்தில் மெல்ல மங்கத் தொடங்கியது.

“தூசி,” என்று சொல்லி அவள் ஒளியைப் பக்கத்துக்கு நகர்த்தினாள்.

மூலக்கூறு ஒளிந்துகொள்ளவில்லை. ஒரே சீராக மின்னிக்கொண்டிருந்துவிட்டு, பட்டென்று அணைந்தது.

ரெஜினா திரையில் அந்த இருட்டைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தாள்.