நாலு விரல் உயரம்

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டப் பழக வந்தவர்களிலேயே அந்தப் பெரியவர்தான் பயிற்சிக்காரியின் பொறுமையை ரொம்பச் சோதித்தார். ஆள் ஆறடி, சீட்டோ ரொம்பத் தாழ்ந்து கிடந்தது. மிதிக்கும்போதெல்லாம் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது.

"சீட்டை ஏத்துங்க சார்."

"வேண்டாம்மா, இப்படியே பழகிக்கிறேன்."

"கால் தரையில எட்டாதோன்னு பயம். புதுசா வர்ற எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

அவர் சிரித்து மழுப்பினார். அடுத்த வளைவிலேயே மறுபடியும் விழுந்தார்.

சிராய்த்த முழங்கையைக் கழுவ அவர் ஓடைப்பக்கம் போன நேரம் பார்த்து, அவள் சீட்டுக்குழாயின் திருகைத் தளர்த்திச் சீட்டை நாலு விரல் உயர்த்தி இறுக்கினாள். மனிதர் இனி பறக்கப்போகிறார் என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

திரும்பி வந்தவர் சைக்கிளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏறிப் பாருங்க சார், தைரியம் தானா வரும்!"

அவர் ஏறவில்லை. மண்டியிட்டு, சீட்டுக்குழாயை ஈர விரலால் தடவித் தடவி எதையோ தேடினார்.

"முன்னாடி எதுவரைக்கும் இருந்துச்சும்மா?"

"கவனிக்கலையே சார். ஏன்?"

"இது என் பொண்ணு சைக்கிள்மா. 'கூட வாப்பா, வாப்பா'ன்னு கெஞ்சுவா. பயந்துக்கிட்டு நான் ஒரு நாளும் வந்ததில்ல. அவ செத்தப்புறம் வீட்டுல அவ சாமானையெல்லாம் யார் யாருக்கோ எடுத்துக் கொடுத்துட்டாங்க. அவ கையால வெச்சது வெச்சபடியே மிச்சமிருந்தது, அந்தச் சீட்டு உயரம் ஒண்ணுதான்."