பதினோராம் பக்கம்

பத்தாம் பக்கத்துக்கு அப்புறம் நேராகப் பதிமூன்றாம் பக்கம் வந்தது.

ஜானட் புத்தகத்தைத் தலைகீழாக உதறிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. நடுவில் ஒரே ஒரு தாளை மட்டும் யாரோ பிளேடு வைத்து, பிசிறில்லாமல் அறுத்து எடுத்திருந்தார்கள்.

புத்தகம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ராயபுரத்தில் ஒரு சின்ன ஹாலைப் பிடித்து, சனிக்கிழமைதோறும் கணவரின் வண்டியில் வந்து இறங்கி, முப்பது பிள்ளைகளை உட்கார வைத்து வாசித்துக் காட்டுகிறாள். ராஜா ராணிக் கதையெல்லாம் இல்லை. நிஜத்தைச் சொல்லும் படப் புத்தகங்கள். திமிங்கிலம் எப்படித் தூங்கும், இரும்புக் கப்பல் ஏன் மூழ்குவதில்லை, குப்பைக்குப் போன பிளாஸ்டிக் என்ன ஆகும். புதிதாக எது வந்தாலும் எப்படியாவது தேடிப் பிடித்துவிடுவாள்.

அதிலும் இந்த நண்டுப் புத்தகம் அவளுக்கு உயிர். காணாமல் போனதோ தாய் நண்டின் படம். லட்சக்கணக்கான முட்டைகளை வயிற்றுக்கடியில் ஆரஞ்சுப் பந்தாக அணைத்துக்கொண்டு நிற்கும்.

"இந்த ஒருத்தியைப் பிடிச்சா ஒரு ஊரையே பிடிச்ச மாதிரி" என்று அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது ஜானட்டுக்கே தொண்டை அடைத்தது.

கடைசியாகப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனவள் சிவந்தி. காசிமேட்டில் நண்டு விற்கும் பூவம்மாவின் மகள், ஐந்தாம் வகுப்பு.

ஜானட் அவளை எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்துக் கேட்டாள். அழுவாள், மழுப்புவாள் என்று பார்த்தால், "நான்தான் மிஸ் எடுத்தேன்" என்று பட்டென்று ஒப்புக்கொண்டது அந்தப் பெண். ஜானட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எதற்காக எடுத்தாய் என்று எத்தனையோ விதமாகக் கேட்டும் பதில் இல்லை. ஜானட்டின் முகத்தை ஒரு தடவை பார்த்தது, பிறகு தலையைக் குனிந்துகொண்டது.

"இனிமே புதுப் புத்தகம் எதையும் நீ தொடக்கூடாது."

இரவல் நோட்டில் அவள் பெயரை அடித்தபோதுதான் அந்தக் கண்களில் தண்ணீர் முட்டியது. ஜானட் கண்டுகொள்ளவில்லை. இதுகளுக்கு நல்லது செய்ய வந்தோமே, நம்மைச் சொல்ல வேண்டும் என்று மனசு கொதித்தது.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் நேராகக் காசிமேட்டுக்கு நடந்தாள். பெற்றவளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதாக இல்லை. தாள் என்ன ஆகியிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நல்ல வழவழப்புத் தாள். மீன் மடிக்க வாகாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பூவம்மாவின் கடைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குடைக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது பதினோராம் பக்கம். தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறை, சுற்றிலும் டேப். கீழே ஓர் அட்டையில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'இவளை நாங்கள் விற்க மாட்டோம்.'

ஜானட் வாயைத் திறக்கும் முன் பூவம்மா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்தப் படிச்சிக் காட்னீங்களோ மிஸ்ஸு, ரெண்டு நாளு இது சோறே துன்னல. சென நண்டு வித்தா வூட்டுக்கே வரமாட்டேன்னுடுச்சி. ஏலத்துல அத்த எடுக்கறதையே வுட்டுட்டேன். வாடிக்கையில பாதி பேரு பக்கத்துக் கடைக்குப் பூட்டாங்க."

ஓரமாக நின்ற சிவந்தியைப் பார்க்க ஜானட்டுக்கு முகமில்லை. மீன் மடித்திருப்பாள் என்று நினைத்த தன் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பக்கம் இங்கேயே இருக்கட்டும், வேறு பிரதி வாங்கிக்கொள்கிறேன், அடித்த பெயரையும் திரும்ப எழுதிவிடுகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

பூவம்மாவின் ஆதங்கம் அடங்குவதாக இல்லை.

"இப்பக்கூட ஒர்த்தரு வந்தாரு. வாரா வாரம் வர்றவரு. வூட்டுக்காரம்மாவுக்கு முட்ட இல்லாத நண்டு தொண்டையில எறங்காதாம். இந்தப் படத்தப் பார்த்து சிரிச்சிட்டு, பக்கத்துக் கடையில சென நண்டா பொறுக்கி வாங்கினு போறாரு."

ஒரு சின்னப் பெண்ணுக்கு இருக்கிற ஈரம் இவர்களுக்கு இல்லையே என்று ஜானட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யார் வீடுன்னு சொல்லுங்க. அந்தம்மாகிட்ட நானே இந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போய்ப் பேசறேன்."

"எனக்கு இன்னா மிஸ்ஸு தெரியும்? இவளுக்குத்தான் தெரியும். ஒரு வாரமா கேக்கறேன், வாயத் தொறக்க மாட்டேங்கறா."

ஜானட் சிவந்தியின் கையைப் பிடித்து, பயப்படாமல் சொல்லச் சொன்னாள்.

சிவந்தி உடனே சொல்லவில்லை. அம்மா அடுத்த ஆளிடம் பேரம் பேசத் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு ஜானட்டைக் குனியச் சொல்லி, காதோரம் வந்தாள்.

"சனிக்கெழம உங்கள வண்டியில கொண்டாந்து வுடுவாரே, அந்த சாருதான் மிஸ். அவரு பார்த்துட்டு உங்ககிட்ட சொல்லுவாருன்னுதான் அறுத்து மாட்டுனேன். நேத்து பசங்க முன்னாடி இத்த சொன்னா, அப்பால நீங்க படிக்கறத யாரும் நம்ப மாட்டாங்கல்ல?"