ஏறாத கோடு

செஞ்சிக்கு ஆராய்ச்சிக்காக வந்திருந்த டாக்டர் சுவாதி எரிச்சலின் உச்சத்தில் இருந்தாள். கரியமில வாயு கொஞ்சம் கூடுதலாகக் கலந்த சிலிண்டர் காற்றை முகமூடி வழியாகச் சுவாசித்தால் மூளையின் இரத்தக்குழாய்கள் விரிந்து, மெஷினின் திரையில் மூளையின் இரு பக்கத்துக்குமான கோடுகள் ஏற வேண்டும். வலப்பக்கம் ஏறியது. இடப்பக்கம் அசையவே இல்லை.

“மூணு தடவை பாத்தாச்சு! நாளைக்கு சிங்கவரம் கிராமத்துலேர்ந்து நாப்பது பேர் டெஸ்டுக்கு வராங்க. இந்த ஓட்டை மெஷினை வச்சு என்ன பண்றது?”

சிலிண்டரை மாற்றினாள். அப்போதும் அதே கதைதான்.

“டென்ஷன் ஆவாதீங்க மேடம், எனக்கு மாட்டிப் பாருங்க” என்றார் வேன் ஓட்டுநர் பெரியதம்பி.

மாட்டினாள். இரண்டு பக்கமும் கோடு சரசரவென ஏறியது.

“பாத்தீங்களா? மெஷின் நல்லாத்தான் இருக்குது!” என்று சிரித்தார்.

சுவாதிக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு தன்னைத்தானே சோதித்தவள் அவள்தான்.